தொண்டிக் கரையும் நங்கூரத் தேர்வும்

செட்டிநாட்டு ஊர்கள் கடலோரத்தில் இல்லை. ஆயினும் 'கொண்டுவிற்கப் போதல்' என்று தாமே பெயரிட்ட தொழிலுக்காக இலங்கைக்கும் பர்மாவுக்கும் கடல் கடந்த நகரத்தாரின் பொருளால் அவ்வூர்களின் மாளிகைகள் எழுந்தன. காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, திருவாடானை வழியே கிழக்கு நோக்கிச் செல்பவர் தொண்டியில் பாக் விரிகுடாவை அடைகிறார். ஆழம் குறைந்த இக்கடலில் சிறு பாய்மரப் படகில் பயணம் செய்ய விரும்புவோர், பாயைக் காட்டிலும் நங்கூரத்தைப் பற்றியே முதலில் சிந்திக்க வேண்டும்.

ஏனெனில் தொண்டிக் கரை கிழக்கு நோக்கியது. தென்மேற்குக் காற்றின்போது நிலமே படகுக்கு மறைவாகிறது. வடகிழக்கிலிருந்து வாடை வீசும்போதோ, பிடி நழுவிய படகு நேராகக் கரையில் மோதும்.

நங்கூரம் எடையால் மட்டும் படகை நிறுத்துவதில்லை. அதன் அலகு தரையைக் கிழித்துப் புதைவதே பிடிப்பு. மடித்துத் தட்டையாக வைக்கத்தக்க டான்ஃபோர்த் நங்கூரம் மணலிலும் சேற்றிலும் உறுதியாகப் பிடிக்கும், ஆனால் கடற்புல்லின் மேல் வழுக்கிச் செல்லும். இயற்பியலாளர் ஜெஃப்ரி டெய்லர் 1933இல் வடிவமைத்த கலப்பை வடிவ நங்கூரம், காற்று திசை மாறினாலும் திரும்பிப் புதையும் இயல்புடையது. ஆகவே இக்கடலுக்குக் கலப்பை வடிவமே முதன்மை நங்கூரமாக ஏற்றது. டான்ஃபோர்த் துணையாக இருக்கலாம். மூன்று மீட்டர் ஆழமும் நீர்மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயர அணியமும் (படகின் முன்முனை) சேர்ந்த நான்கு மீட்டருக்கு, ஐந்து மடங்காக இருபது மீட்டர் சங்கிலி விட வேண்டும். கயிறு மிகுதியாயின் ஏழு மடங்கு தேவை. இழுவை கிடைமட்டமாக இருந்தால்தான் அலகு ஆழ்ந்து இறங்கும்.

முதன்மை நங்கூரத்தை அணியத்து உருளையில், நொடியில் விடத்தக்கவாறு ஊசியிட்டுப் பூட்டி வைப்பது நலம். சங்கிலியின் எடை முன்முனையில் குவிந்தால் படகு அலையில் தலைகுத்தும் என்பதால், அதன் அறை இயன்றவரை தாழவும் நடுவை நோக்கியும் அமைய வேண்டும். சங்கிலியின் கடைசி வளையத்தைப் படகுடலோடு கயிற்றால் பிணைப்பதும் இன்றியமையாதது. நெருக்கடியில் கத்தியால் அறுத்து விடுபட அதுவே வழி.

இவ்விரிகுடாவின் கடற்புல் வெளிகளை மேய்ந்து வாழும் கடற்பசுவுக்காகத் தமிழ்நாடு அரசு, வடக்கே தஞ்சை, புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022இல் காப்பகமாக அறிவித்தது. இழுபடும் நங்கூரம் அப்புல்லை வேரோடு பெயர்க்கும். இக்கடலுக்கு வருவோர் நீரின் நிறத்தைப் பார்த்து, புல்லற்ற வெளிர்மணல் திட்டிலேயே நங்கூரம் இறக்க வேண்டும்.