ரிவோலி வீதி, 204ஆம் இலக்கம்

ஓவியர் கமீல் பிசாரோவின் துய்லெரித் தோட்டத்தில் ஒருவருக்கும் முகம் இல்லை. நியூயோர்க் மெட்ரோபொலிற்றன் அருங்காட்சியகத்தில் இருக்கும் 1899ஆம் ஆண்டுக் குளிர்கால ஓவியத்தைச் சொல்கிறேன். இலை கொட்டிய மரங்கள் ஊதாவும் பழுப்புமாகக் கலங்கி நிற்கும். அப்பால் சென்-குளோதில்ட் தேவாலயத்தின் இரட்டைக் கோபுரம் மங்கலாகத் தெரியும். மனிதர்கள் தூரிகை ஒருதரம் தொட்டு எடுத்த அளவுதான். அவசரத்தில் தீற்றியது என்று இதைச் சொல்பவர்கள் பாரிசில் தை மாதத்துப் பின்னேரம் ஒன்றைக்கூட அந்தத் தோட்டத்தில் கழித்திருக்கமாட்டார்கள்.

ரிவோலி வீதிப் பக்கம் ஒரு ரெஸ்ரோரன்றில் நான் கோப்பை கழுவிய காலம். மத்தியான வேலை மூன்று மணிக்கு முடியும். இரவு வேலை ஆறுக்கு. இடையில் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலுக்குப் போய்த் திரும்ப மனம் வராது. வட்டக் குளத்தடியில் பச்சை இரும்புக் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டுக்கொள்வேன். சாய்மானக் கதிரை கிடைத்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம். கோடையில் பிள்ளைகள் வாடகைப் பாய்மரப் படகுகளைத் தடியால் தள்ளிவிட்டுக் குளத்தைச் சுற்றி ஓடுவார்கள். குளிரில் அதுவும் இல்லை. பாதையின் வெள்ளைத் தூசி சப்பாத்தில் அப்பிவிடும். அதைப் பார்த்தே நான் எங்கே போய் வருகிறேன் என்று சமையற்காரர் கண்டுபிடிப்பார்.

வெளிச்சம் இறங்கும்போது எதிரே வருபவரின் முகம்தான் முதலில் போகும். பிறகு கைகால். கடைசியில் மேலங்கியின் நிறம் மட்டும் நடந்து போகும். பிசாரோ தீட்டியது அதைத்தான். வதிவிட அனுமதிக்காகப் பிரிபெக்சர் தொடங்கி அலுவலகம் அலுவலகமாக முகப்படம் ஒட்டிய கடதாசிகளை நீட்டித் திரிந்த எனக்கு, முகம் தேவைப்படாத அந்த ஒரு மணித்தியாலம் பெரிய சுகமாக இருந்தது.

பிசாரோ பார்த்தது மேலே இருந்து. கண்ணீர்க் குழாயில் தீராத நோய். காற்றும் தூசியும் ஆகாது. அதனால் 68 வயதில் ரிவோலி வீதி 204ஆம் இலக்கத்தில் வீடெடுத்து, யன்னலுக்குப் பின்னால் நின்று, இரண்டு குளிர்காலங்களில் இரண்டு டசினுக்கும் மேல் ஓவியங்கள் வரைந்தார். தோட்டத்துக்குரிய அரண்மனை 1871இல் பாரிஸ் கொம்யூன் கிளர்ச்சியின்போது எரிந்து, 1883இல் இடிபாடும் அகற்றப்பட்டுவிட்டது. அரசர்கள் போனபின் மிஞ்சிய தோட்டத்தில் சனங்கள் உலவுவதைத்தான் அவர் கண்டார். அப்போது கதிரைக்குக் காசு. எங்கள் காலத்தில் சும்மா இருக்கலாம். காசு கொடுத்து இருப்பவர் யார், கொடுக்க ஏலாமல் நிற்பவர் யார் என்று ஓவியத்தில் பிரித்தறிய முடியாது.

பிசாரோவும் வந்தவர்தான். கரீபியன் தீவான சென்ற் தோமஸில் பிறந்து, 1903இல் சாகும்வரை டென்மார்க் குடியுரிமையோடே பிரான்சில் வாழ்ந்தார். ஓவியம் என்றாலே கொட்டாவி விடும் என் அறைத்தோழர் ஒருவர் இதைக் கேட்டதும் எழும்பி இருந்தார்.

"அப்ப அவரும் விடியக்காலமை பிரிபெக்சர் கியூவில நிண்டவரோ?"