குற்றவாளியா, நோயாளியா?

டாக்டர்களில் நாம் அறிந்த வகைகள் பல. காய்ச்சலுக்கு ஒருவர், கண்ணுக்கு ஒருவர், பல்லுக்கு ஒருவர். இவர்களிடம் போகும்போது ஒரு விஷயத்தில் நமக்குச் சந்தேகமே கிடையாது. டாக்டர் நம் கட்சி, நோய் எதிர்க்கட்சி. ஆனால் டாக்டர் யார் கட்சி என்பதே விளங்காத வார்டு ஒன்றும் உலகத்தில் இருக்கிறது. அங்கே படுத்திருப்பவன் நோயாளி, அவனே கைதியுமாவான். வாசலில் நர்ஸும் நிற்பாள், போலீஸ்காரரும் நிற்பார். சாப்பாடு முடிந்ததும் கரண்டிகளை எண்ணிப் பார்த்த பிறகே கதவு திறக்கும். சித்தம் கலங்கிய நிலையில் குற்றம் செய்ததாகச் சொல்லப்படுகிறவர்களை வைத்துப் பார்க்கும் வார்டு அது.

நம் நண்பர் ஒருவர் இத்தகைய வார்டில் பல வருஷ காலம் உத்தியோகம் பார்த்தவர். "கொலை செய்தவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கப் பயமாக இல்லையா?" என்று ஒரு நாள் கேட்டோம்.

"வாத்தியார் ஸார்! அவர்களைக் கண்டு எனக்குப் பயமில்லை. என் பேனாவைக் கண்டுதான் பயம்" என்றார்.

அவர் சொன்னது வேடிக்கைக்காக அல்ல. நியாயஸ்தலம் அவரிடம் இரண்டு கேள்விகள் கேட்கிறது. இந்த மனிதன் இப்போது தன் வழக்கைப் புரிந்துகொண்டு வக்கீலுக்கு விவரம் சொல்லக் கூடியவனா என்பது ஒன்று. குற்றம் நிகழ்ந்த அந்தக் கணத்தில் அவன் புத்தி எப்படி இருந்தது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு எதிரே உட்கார்ந்திருப்பவனைப் பார்த்துப் பதில் சொல்லலாம். இரண்டாவதற்கு என்ன செய்வது? பல மாதங்களுக்கு முன் ஒருவன் மனத்துக்குள் நடந்ததை யார் கண்டார்கள்? போலீஸ் தஸ்தாவேஜு, வீட்டார் வார்த்தை, அக்கம்பக்கத்தார் கண்டது, அதற்கு முன் எத்தனை இரவு அவன் தூங்காமல் இருந்தான், செய்த பிறகு ஓடி ஒளிந்தானா அல்லது அங்கேயே நின்றானா என்பன போன்ற துணுக்குகளைச் சேர்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

பைத்தியம் போல் வேஷம் போடுகிறவர்களும் உண்டு. ஆனால் நாடகக் கொட்டகையில் திரை விழும், வார்டில் விழாது. டாக்டர் வரும் அரை மணி நேரம் நடித்து விடலாம். நடு நிசியில், யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கும் வேளையில், எத்தனை நாள் நடிக்க முடியும்? ஆகையால் நர்ஸ் எழுதி வைக்கும் இரவுக் குறிப்புகளை நம் நண்பர் மிகுந்த மரியாதையோடு படிப்பாராம். இன்னொரு விசித்திரமும் சொன்னார். வேஷக்காரன் தன் பைத்தியத்தைப் பறைசாற்றுவான். உண்மையாகவே நோயுற்றவனோ பெரும்பாலும், "எனக்கு ஒன்றுமில்லை, என்னை விடுங்கள்" என்பானாம்.

இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் ஓர் உருவம் கிடைத்தது 1843-ம் வருஷத்தில். டானியல் மக்நாட்டன் என்ற ஸ்காட்லாந்து மரக் கடைசல்காரன், டோரி கட்சியார் தன்னைத் துரத்தித் துன்புறுத்துவதாகப் பிரமை கொண்டு, லண்டனில் பிரதம மந்திரி பீலின் அந்தரங்கக் காரியதரிசியைச் சுட்டான். அவர் சில தினங்களில் இறந்தார். டாக்டர்களின் சாட்சியத்தைக் கேட்டு ஜூரிகள் அவனைக் குற்றவாளி அல்ல என்றார்கள். நாடே கொதித்தது. பிரபுக்கள் சபை நீதிபதிகளை விளக்கம் கேட்டது. அவர்கள் சொன்ன பதிலே பிற்பாடு விதியாயிற்று. விடுதலை பெற்றதாகச் சொல்லப்பட்ட மக்நாட்டன் மட்டும் வீடு திரும்பவில்லை. 1865-ல் பிராட்மூர் ஆஸ்பத்திரியில் இறந்தான். 1860-ல் நம் நாட்டுக்கு ஆங்கிலேயர் இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 84-வது பிரிவில் அந்த விதியின் சாயல் இருக்கிறது. 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சம்ஹிதையின் 22-வது பிரிவாக விளங்குகிறது. செய்கையின் தன்மையையோ, அது தவறு அல்லது சட்டவிரோதம் என்பதையோ அறிய முடியாதபடி சித்தக் கலக்கம் இருந்தால் குற்றமில்லை என்பது அதன் சாரம்.

ஜன்னல் கண்ணாடியை உடைத்த பையனை, "தெரிந்து செய்தாயா, தெரியாமல் செய்தாயா?" என்று கேட்பது நம் தொழிலில் தினசரி வழக்கம். பதிலில் தப்பிருந்தாலும் ஒரு பிரம்படியோடு போயிற்று என்று இருந்த காலம் உண்டு. நம் நண்பருக்கோ அதே கேள்வியில் ஒருவன் ஆயுளே தொங்குகிறது.

அதோடு, வைத்தியர் ரகசியத்தைக் காப்பவர் என்பது உலக வழக்கு. இவரோ, "நீ சொல்வது கோர்ட்டுக்கும் போகலாம், அப்பா" என்று முதலிலேயே எச்சரித்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிக்க வேண்டும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். சிகிச்சை செய்பவர் ஒருவர், சாட்சி சொல்பவர் வேறொருவர் என்று இருப்பதே உத்தமம். டாக்டர்கள் சொற்பமான இடத்தில் ஒருவர் தலையிலேயே இரண்டு பாரமும் ஏறிவிடுகிறது.

இவ்வளவு சிரமப்பட்டுப் பேனா எழுதியதைப் படிக்க ஆள் இல்லாவிட்டால்? அஸ்ஸாமில் கிராமவாசி ஒருவர் 1951-ல் கைதாகி, தேஜ்பூர் மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டார். 1967-ல், குணமாகிவிட்டார் என்று டாக்டர்கள் எழுதினார்கள். விசாரணை நடக்கவில்லை, வீட்டுக்கும் அனுப்பவில்லை. சிறைச்சாலைக்கு மாற்றினார்கள், மறந்தார்கள். தேசிய மனித உரிமைக் கமிஷன் விழித்த பிறகு, 2005-ல், ஒரு ரூபாய் ஜாமீனில் வெளியே வந்தார். அப்போது வயது 77. குணமானபின் மட்டும் 38 வருஷம்! அதில் பெரும் பகுதி அந்நிய ஆட்சியில் கழிந்ததா என்றால், ஒரு நாள்கூட இல்லை. எல்லாம் நம் சுயராஜ்யத்தில்தான்.

2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், ஒவ்வொரு மாகாணத்திலும் குறைந்தது ஒரு சிறையிலாவது மனநோய்ச் சிகிச்சை நிலையம் வேண்டும் என்கிறது. நல்ல சட்டம். ஆனால் சட்டம் தானாக எழுந்து போய்ப் பூட்டைத் திறக்காது. நம் வீடுகளில், "அவன் பைத்தியக்காரன், உள்ளேயே கிடக்கட்டும்" என்று சொல்லும் வரையில் எந்த அதிகாரிக்கும் அந்தக் கடிதத்தைத் தேடி எடுக்க அவசரம் இராது. இந்தப் பேச்சு நம் காதில் விழும்போது, "குணமாகிவிட்டானா என்று கேட்டீர்களா?" என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்போம். அது நம்மால் ஆகக் கூடிய காரியந்தான்.