பின்னால் வருகிறவருக்காகக் கட்டும் படுதா

டிப்பர் ஓட்ட வரும் தம்பிகளுக்கு நான் முதலில் சொல்வது ஸ்டியரிங்கைப் பற்றியோ கியரைப் பற்றியோ அல்ல, படுதாவைப் பற்றி. முன்னால் பார்த்து ஓட்டுவது நம் தொழில். பாரமோ முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. அதிலிருந்து என்ன சிந்துகிறது, என்ன பறக்கிறது என்பது நமக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. பின்னால் பைக்கில் வருகிறவருக்குத்தான் தெரியும். அவர் யாரென்று நமக்குத் தெரியாது. நம் பெயர் அவருக்குத் தெரியாது. அப்படி முகம் தெரியாத ஒருவருக்காக ஒழுங்காக வேலை செய்யக் கற்றுக்கொள்கிறவன்தான் நல்ல டிரைவர்.

உத்திரமேரூர் பக்கத்துக் குவாரிகளில் ஜல்லி ஏற்றி, வாலாஜாபாத் வழியாக ஒரகடம் பக்கம் வந்து பார். கம்பெனி வேலைக்குப் போகும் பிள்ளைகள் விடிந்தும் விடியாத நேரத்தில் வரிசையாக பைக்கில் வருவார்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர் ஒரு நொடிக்குப் பதினாறு, பதினேழு மீட்டர் கடக்கிறார். உன் வண்டியிலிருந்து விழுந்து, ரோட்டில் பட்டுத் துள்ளும் ஒரு முக்கால் அங்குல ஜல்லி அந்த வேகத்தில் அவர் முகத்துக்கு எதிரே வருகிறது. விலகிக்கொள்ள அவருக்கு நேரமே கிடையாது. எம்-சாண்ட் தூசி பறந்தால் கண்ணை மூடிக்கொள்வார். கண்ணை மூடிய அந்த நொடியிலும் பைக் ஓடிக்கொண்டுதான் இருக்கும். வளைவில் சிந்திக் கிடக்கும் மணல், நீ போய் வெகு நேரம் கழித்து வருகிறவரைக்கூடச் சறுக்கி விழவைக்கும்.

ஆகவே படுதா வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதே. எந்தப் பாரத்துக்கு வாங்குகிறாய் என்று முதலில் யோசி. வெறும் ஜல்லி மட்டும் ஏற்றும் வண்டிக்குக் கண் நெருக்கமான, கனத்த வலைப் படுதா போதும். காற்று அதன் வழியே போய்விடுவதால் அது அவ்வளவாகத் தூக்காது. எம்-சாண்ட், பி-சாண்ட், கிரஷர் டஸ்ட் என்றால் வலை உதவாது. பொடி சலித்து வெளியே வந்துவிடும். அதற்கு பி.வி.சி. பூசிய முழுத் துணி வேண்டும். ஒரு சதுர மீட்டர் 600 கிராமுக்கு மேல் எடையுள்ள துணியாக வாங்கினால் உழைக்கும். கடையில் மலிவாகக் கிடைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் பாய் களத்தில் நெல்லை மூடத்தான் சரி. ஓடும் வண்டியின் காற்றில் அது நாராகக் கிழிந்துவிடும்.

ரோடு போடும் தார்க் கலவை வேறு கதை. அது பிளான்டிலிருந்து 150 டிகிரிக்கு மேல் சூட்டோடு புறப்படுகிறது. உருளை ஓடி முடியும்வரை 90 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. பி.வி.சி. துணி அந்தச் சூட்டில் இளகிவிடும். கனத்த கேன்வாஸ்தான் தாங்கும். மூடாமல் போனால் மேல் கலவை ஆறி, கட்டியாகி, போட்ட ரோடு அடுத்த மழையிலேயே பெயரும். படுதா போடாத டிரைவர் ரோட்டைக் கெடுத்தார் என்று யாரும் எழுதப்போவதில்லை. ஆனாலும் அந்தப் பள்ளத்தில் விழுகிறவருக்கு அடி அடிதான்.

அளவு எடுக்கும்போது பாடியின் உள்ளளவை எடுக்காதே, வெளியளவை எடு. பாடி பதினாறுக்கு எட்டடி என்றால் நான்கு பக்கமும் இரண்டிரண்டு அடி தொங்கவேண்டும். படுதா இருபதுக்குப் பன்னிரண்டு. ஓரத்தை மடித்து, உள்ளே கயிறு கொடுத்துத் தைக்கச் சொல். வளையம் பித்தளையாக இருக்கட்டும். ஒன்றரை அடிக்கு ஒன்று வை. பாடியின் மேல் விளிம்பில் கூர்மையான இடமெல்லாம் பழைய ட்யூபை வெட்டி ஒட்டு. படுதா பெரும்பாலும் அந்த விளிம்பில் உரசித்தான் கிழியும்.

கட்டுவதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. கேபின் பக்கம் முதலில், பிறகு இரண்டு பக்கமும் மாறி மாறி, கடைசியில் பின்கதவு. முன்பக்கம் விரல் நுழையும் இடைவெளி விட்டாலும் காற்று உள்ளே புகுந்து மொத்தப் படுதாவையும் பலூனாக்கும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் அழுத்தம் நான்கு மடங்காகும். ஊருக்குள் சும்மா கிடந்த படுதா பைபாஸில் கிழிவது அதனால்தான். இரண்டு படுதா போட்டால், ஓடு வேய்வதுபோல், முன்படுதாவின் ஓரம் பின்படுதாவின் மேல் படியவேண்டும். கொஞ்ச தூரம் ஓடியதும் பாரம் குலுங்கி அமரும், கயிறு தளரும். முதல் டீக்கடையில் இறங்கி, சுற்றி வந்து, இழுத்துக் கட்டிவிட்டு டீ குடி.

பாரத்தின் மேல் ஏறி நின்று படுதா விரிப்பதை நான் வெறுக்கிறேன். பத்தடி உயரம், காலுக்குக் கீழே உருளும் ஜல்லி, கையில் காற்று இழுக்கும் துணி. கிளீனர் பையன் விழுந்தால் அவன் குடும்பமே விழும். முடிந்தவர்கள் கீழே நின்றே இயக்கும் சுருள் படுதா பொருத்துங்கள். கைப்பிடி சுற்றுவதும் இருக்கிறது, மோட்டாரில் ஓடுவதும் இருக்கிறது. பொருத்தும்போது சில விஷயங்களைக் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்கவேண்டும். சுருளும் அதன் கைகளும் பாடியிலேயே இருக்கவேண்டும், சேஸில் அல்ல. பாடி தூக்கும்போது அதோடு சேர்ந்து எழாத எதுவும் முறிந்துவிடும். மோட்டாருக்குப் போகும் வயரைக் கீல் பக்கத்தில் தளர்வாக விடு. பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் வை. வண்டியின் மொத்த அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது விதி. எட்டடி பாடியே கிட்டத்தட்ட 2.44 மீட்டர் எடுத்துக்கொள்ளும். பக்கக் கைகளுக்கு மிஞ்சுவது பக்கத்துக்கு மூன்று அங்குலம்தான். பி.எஸ்.-6 வண்டியில் வெல்டிங் வைக்கும் முன் பேட்டரியைக் கழற்றிவிடச் சொல். இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் போர்டு போய்விடும். லோடர் பக்கெட் இறங்கும் நேரத்தில் படுதாவின் கை பின்னால் முழுவதும் மடங்கியிருக்கிறதா என்று பார்.

எவ்வளவு நல்ல படுதாவானாலும், அதற்கு வெளியே கிடப்பதை அது பிடிக்காது. லோடரிலிருந்து சிந்திய கல் பாடியின் விளிம்பிலும், மட்கார்டிலும், பின்கதவின் தாழ்ப்பாளிலும் உட்கார்ந்திருக்கும். இரட்டைச் சக்கரத்துக்கு நடுவே ஒரு கல் சிக்கியிருக்கும். வேகம் பிடித்ததும் அது துப்பாக்கிக் குண்டுபோல் தெறிக்கும். கேபினில் ஒரு விளக்குமாறும் ஒரு கம்பியும் எப்போதும் இருக்கட்டும். கிரஷர் கேட்டுக்குள்ளேயே பெருக்கிவிட்டு, சக்கரங்களை எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வா. பின்கதவின் அடியில் ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்று. இறக்கும் இடத்தில் முதலில் படுதாவை முழுவதும் திற, தலைக்கு மேலே மின்கம்பி இருக்கிறதா பார், பிறகு பாடியைத் தூக்கு. திரும்பும்போது காலி வண்டிதானே என்று இருந்துவிடாதே. மூலையில் ஒட்டிய மிச்சம்தான் குலுங்கிக் குலுங்கி விழுகிறது.

பாரத்தை விளிம்புக்குக் கீழே ஏற்று. ஒரு யூனிட், அதாவது 100 கன அடி எம்-சாண்ட், நாலரை டன்னுக்குக் குறையாது. குவித்து ஏற்றினால் படுதாவும் நிற்காது, பிரேக்கும் நிற்காது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவில் அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம். அதற்கு மேல் டன்னுக்கு 2,000 ரூபாய். காற்று மாசு வரம்பைத் தாண்டிய நகரங்களில், கட்டுமானப் பொருளையும் இடிபாட்டையும் மூடாத வண்டியில் கொண்டுபோகக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு சுற்றுச்சூழல் விதிகளிலேயே சேர்த்துவிட்டது. சட்டம் தெரிந்திருப்பது நல்லது. ஆனால் செக்போஸ்டுக்குப் பயந்து கட்டுகிறவன், செக்போஸ்ட் இல்லாத ரோட்டில் கட்டமாட்டான். நீ அப்படி இருக்காதே.

நேரமில்லை என்று சொல்வாய். நடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவனுக்குப் படுதா கட்டும் பத்து நிமிடம் காசாகத் தெரியும். எனக்கு அது புரியாமலில்லை. அதனால்தான் இந்தப் பாடத்தின் பாதியை முதலாளிகளுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். டிரைவர் அவசரப்படுவது அவன் குணத்தால் மட்டும் அல்ல, முதலாளிகள் போடும் கணக்காலும்தான். கட்டும் நேரத்தையும் கூலியில் சேர்த்துக் கொடுத்தால் யாரும் மூடாமல் ஓட்டமாட்டார்கள்.

தம்பி, இன்று ஓட்டுகிற நீ நாளை சொந்தமாக ஒரு வண்டி எடுப்பாய். அப்போது கிழிந்த படுதாவைக் கொடுத்து “சமாளிச்சுக்கோ” என்று உன் டிரைவரிடம் சொல்லாதே. நல்ல துணி வாங்கிக் கொடு, கட்டுவதற்கு நேரம் கொடு, அவன் கட்டியதை நீயே ஒருமுறை இழுத்துப் பார். உன்னிடம் வேலை கற்கும் பையனும் அதையே அடுத்தவனுக்குச் செய்வான்.