மழைக்கு முந்தின ஊசி

காரியாபட்டிக் கரிசலில் மழைக்குக் காத்திருந்து விதைப்பவர்கள் உண்டு. மழை விழுமுன்னே, உழுது போட்ட புழுதியில் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்ப்பவர்களும் உண்டு. புழுதி விதைப்பு என்பார்கள். செவிலியராக இந்தப் பக்கம் வந்த எனக்கு ஃப்ளூ தடுப்பூசியின் கணக்கு அந்தக் காட்டைப் பார்த்துத்தான் பிடிபட்டது.

டெல்லி, புனே போன்ற ஊர்களில் ஃப்ளூ தென்மேற்குப் பருவமழையோடு ஏறும். நமக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழையோடு. ஊசி போட்டபின் உடம்பில் எதிர்ப்பு ஊற இரண்டு வாரம் ஆகும். ஐப்பசியில் வார்டு நிறைந்த பிறகு ஊசிப் பெட்டியைத் திறந்தால், வெள்ளம் வடிந்த கண்மாய்க்குக் கரை போட்ட கதைதான். புரட்டாசி பிறக்கும்போதே முடித்துவிட வேண்டும்.

ஊருக்கெல்லாம் ஊசி போடும் நாம், நமக்கென்று வரும்போது பின்வாங்குகிறோம். 2010-ல் பன்றிக் காய்ச்சலுக்காக மத்திய அரசு 15 லட்சம் டோஸ் தடுப்பூசியை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, மருத்துவப் பணியாளர்களுக்கே முதலில் ஒதுக்கியது. அப்போதும் நம் ஆட்கள் தயங்கினார்கள்.

எங்கள் மருத்துவமனை ஆட்களுக்கு ஃப்ளூ ஊசி போட நானும் முதலில் தப்பாகத்தான் தொடங்கினேன். கூட்டம் கூட்டினேன், படம் காட்டினேன், நோட்டீஸ் ஒட்டினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். சாயங்காலம் பாதி ஊசி குளிர்பெட்டிக்கே திரும்பிப் போனது.

வார்டு துடைக்கும் அக்கா ஒருவர்தான் வாய் திறந்தார். "போட்டுட்டுக் கை வலிச்சா நாளைக்கு மாப்பு யாரு பிடிக்கிறது சிஸ்டர்? ஒரு நாள் படுத்தா அன்னைக்குச் சம்பளம் இல்ல."

அவருக்கு ஊசியின் மேல் சந்தேகமே இல்லை. கூலிதான் கவலை. அதற்குப் படம் காட்டி என்ன பயன்? சூப்பர்வைசரிடம் பேசி, ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு வார விடுமுறைக்கு முந்தின நாளில் ஊசி என்று மாற்றினேன். "எந்தக் கை பழக்கம்?" என்று கேட்டு மறு கையில் போட்டேன். போட்டபின் அரை மணி நேரம் உட்கார வேண்டுமே, அதை டீ நேரத்தோடு சேர்த்தேன். தலைமை மருத்துவரை அறைக்குள் போட்டுக்கொள்ள விடவில்லை. புறநோயாளி வரிசைக்கு எதிரே உட்காரவைத்துப் போட்டேன்.

புதன்கிழமை குழந்தைகளுக்கான தடுப்பூசி நாள், அதைத் தொடுவதில்லை. இரவுப் பணிக்காரர்கள் ஊசி அறைக்கு வரமாட்டார்கள். அதனால் விடியற்காலை, டூட்டி மாறுமுன் நானே பெட்டியோடு பிரசவ அறைக்குப் போவேன். உறைந்தால் இந்த மருந்து கெட்டுப்போகும், 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஐஸ் பேக்கைக் காதோரம் ஆட்டி, உள்ளே தண்ணீர் சலசலக்கிற சத்தம் கேட்ட பிறகே பெட்டியில் அடுக்குவேன்.

பேச்சில் மிகைப்படுத்த மாட்டேன். இது செயலிழக்கச் செய்த வைரஸ், இதனால் ஃப்ளூ வராது. கை வலிக்கும், ஒன்றிரண்டு நாள் உடம்பு கனக்கலாம், சிலருக்கு லேசாகச் சுடலாம். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் வருடா வருடம் போட வேண்டும். மருந்தும் வைரஸும் நன்றாகப் பொருந்தின ஆண்டிலேயே நூற்றுக்கு 40 முதல் 60 வரைதான் பாதுகாப்பு.

"பாதிக்குப் பாதிதானா?" என்பார்கள்.

மானாவாரிக்காரர்களுக்கு அரை விளைச்சலின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்றைச் சொல்வேன். காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே நம்மிடமிருந்து ஃப்ளூ பரவத் தொடங்கிவிடும். ஆவியூரிலிருந்தும் முடுக்கன்குளத்திலிருந்தும் பிள்ளை பெற வருகிறார்கள். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு இந்த ஊசி கிடையாது. குழந்தையைத் தூக்கும் கைகளுக்குத்தான் போட முடியும்.

இந்தக் கடைசி வாக்கியத்துக்கு மட்டும் இதுவரை யாரும் எதிர்வாதம் செய்ததில்லை.

பதிவேட்டில் எண்ணிக்கையை எழுதுவதில்லை, போடாதவர் பெயரை எழுதுகிறேன். பெயர் இருந்தால் தேடிப் போகலாம். இன்றைக்கு மூன்று பேர் பாக்கி. இருவர் இரவு டூட்டி, ஒருவர் ஆம்புலன்ஸில் மதுரைக்குப் போயிருக்கிறார். தெற்கே மேகம் கட்டுகிறது. ஐஸ் பேக்கை வெளியே எடுத்து வைத்திருக்கிறேன்.