பொன்னாடைக்குப் பிறகு ஒரு பாடவேளை



கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்கு 2014 இல் முதல் அணி மாணவர்கள் வந்தார்கள். அங்கு படித்துச் சாதித்தவர்களை அவரவர் துறை அழைத்துக் கௌரவிப்பது நல்ல காரியம். அந்தக் கௌரவம் மண்டபத்தோடு முடிந்துவிடக் கூடாது என்பதே எங்கள் ஆசை.

பேராசிரியர் அ. துரைராஜாவை நினைத்துப் பாருங்கள். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து, கேம்பிரிட்ஜ் போனவர். ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் ஆகியோருடன் 1963 இல் அவர் எழுதிய களிமண் பற்றிய ஆய்வு மண் பொறியியலில் இன்றும் பேசப்படுகிறது. வெளிநாட்டிலேயே இருந்திருக்கலாம். திரும்பி வந்து பேராதனையில் கற்பித்தார். 1988 முதல் 1994 வரை, யுத்தத்தின் நடுவே, யாழ். பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். கிளிநொச்சியில் விவசாய பீடம் 1990 இல் தொடங்கியதும் அவர் காலத்தில்தான். மண்ணுக்குத் திரும்பிய படிப்புக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

இன்று வன்னியில் நாங்கள் உயர்தரக் கணிதப் பிரிவு என்று வாய் திறந்தாலே, "அது எங்களுக்குச் சரிவராது சேர்" என்கிறார்கள் பிள்ளைகள். இணைந்த கணிதத்துக்கு ஆசிரியர் இல்லாத இடத்தில் பிள்ளையைக் குறை சொல்வது எப்படி?

பீடத்தாரிடம் இரண்டு வேண்டுகோள். மேடையில் பட்டங்களை வாசிக்கும்போது, அவர்கள் படித்த பாடசாலையையும் சேர்த்து வாசியுங்கள். மறுநாள் அவர்களை எங்கள் பாடசாலை ஒன்றுக்கு அனுப்புங்கள். ஒரு பாடவேளை போதும். தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே வாங்கில் இருந்து கேட்கட்டும்.

வகுப்பறையை நாங்கள் தயாராக வைத்திருப்போம், இன்ஷா அல்லாஹ்.