முதுகைக் காக்கவும் ஓர் உத்தியோகம்

என்னிடம் ஆறாம் ஆண்டு வரை படித்த பெண் ஒருத்தி இப்போது ஈப்போவில் தாதியாக வேலை செய்கிறாள். வயது இருபத்தொன்பதுதான். சென்ற தீபாவளிக்குச் சுங்கை சிப்புட் பக்கம் பெற்றோர் வீட்டுக்கு வந்தவள், நாற்காலியில் உட்கார அஞ்சி நின்றுகொண்டே பேசினாள்.

"முதுகு போச்சு டீச்சர். வேலையை விட்டுடலாமான்னு பார்க்கிறேன்" என்றாள்.

"நாங்க காண்டா தூக்காத தூக்கா? எங்களுக்கு முதுகு இல்லையா?" என்று அவள் தாயார் அடுப்படியிலிருந்து கேட்டார்.

அந்த அம்மாளுக்கும் முதுகு இருந்தது. பால் வாளி சுமந்து சுமந்து தேய்ந்த முதுகுதான். வலியைப் பொறுத்துக்கொள்வதே பெருமை என்று நாமும் வாழ்ந்துவிட்டோம். ஆனால் மகளின் சுமை வேறு விதமானது. மூட்டையை நெஞ்சோடு அணைத்துத் தூக்கலாம், நோயாளி மூட்டையல்லவே! வலியில் திமிறுவார்; கால் தளர்ந்தால் தாதியின் கழுத்தைப் பிடித்துத் தொங்குவார். அறுபது கிலோ மனிதரை இருவர் தூக்கினால் ஆளுக்கு முப்பது கிலோ. நோயாளியைக் கையால் தூக்கும்போது ஒருவர் மீது ஏறத்தாழ 16 கிலோவுக்கு மேல் பாரம் விழக்கூடாது என்று அமெரிக்க ஆய்வாளர் தாமஸ் வாட்டர்ஸ் 2007-இல் எழுதினார். ஏறக்குறைய இரண்டு மடங்கு!

இதைக் கணக்கிட்டு, வேலையை மாற்றி அமைப்பதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. எர்கோனோமிக்ஸ் என்பார்கள், தமிழில் பணிச்சூழலியல். வேலைக்கு ஏற்ப உடம்பை வளைக்காமல், உடம்புக்கு ஏற்ப வேலையை வளைப்பது. நமக்கு இது புதிதன்று. ஏணி வைத்து உயரத்தில் மரம் வெட்டிய இடங்களில், தரையில் நின்றே வெட்ட நீண்ட பிடி போட்ட கத்தி வந்ததே, அதுவும் இந்தக் கலைதான். (கழுத்து அண்ணாந்தே இருந்தது வேறு கதை!)

மருத்துவமனையில் இத்துறையினர் என்ன செய்வார்கள்? ஒரு ஷிப்ட் முழுவதும் வார்டில் நின்று பார்ப்பார்கள். எத்தனை முறை குனிகிறார்கள், கட்டில் என்ன உயரம், கழிவறைக் கதவில் சக்கர நாற்காலி நுழையுமா என்று அளப்பார்கள். பிறகு, உயரம் மாற்றும் கட்டில், நோயாளியை இழுத்து நகர்த்த வழுக்குத் துணி, தூக்கும் கருவி என்று பரிந்துரைப்பார்கள். துணி வெளுப்பவர், சமையற்கட்டில் நிற்பவர் வரை அவர்கள் கண்ணில் படுவார்கள். ஒரே நிறச் சீட்டு ஒட்டிய இரண்டு மருந்துகள் அடுத்தடுத்து இருந்தால், கை மாறிப் போகாமல் பிரித்து வைக்கச் சொல்வதும் அவர்கள் வேலையே. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1998-இல் தாதியர் சங்கமே முன்வந்து, நோயாளியைக் கையால் தூக்குவதில்லை என்ற கொள்கையைக் கொண்டுவந்தது.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், பணியாளரின் உடல், மனத் தேவைகளுக்கு ஏற்ற வேலைச் சூழலைத் தன் நோக்கங்களில் ஒன்றாகச் சொல்கிறது. அதன் திருத்தம் 2024 ஜூன் முதல் நடப்புக்கு வந்தபின், ஆபத்தை மதிப்பிடுவது முதலாளியின் கடமையாகிவிட்டது. எர்கோனோமிக் ஆபத்தை மதிப்பிடும் வழிகாட்டியை அரசாங்கம் 2017-இலேயே வெளியிட்டது. மதிப்பீடு செய்யப் பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும் அல்லவா?

பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். டாக்டர், வக்கீல், இன்ஜினியர் என்ற மூன்றையே சுற்றி வராதீர்கள். எஸ்.பி.எம்.மில் அறிவியலும் கணிதமும் தேறிய பிள்ளை, இயன்முறை மருத்துவம், தொழில்வழிச் சிகிச்சை, தொழில்துறைப் பொறியியல், வேலையிடப் பாதுகாப்பு ஆகிய எந்தப் படிப்பிலிருந்தும் இதற்குள் நுழையலாம். வார்டு அனுபவம் உள்ள தாதிக்கும் வழி உண்டு. எந்த நேரத்தில் முதுகு பிடிக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது புத்தகத்துக்குத் தெரியாது. பாங்கியிலுள்ள நியோஷ் நிறுவனம் இதற்கான குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகிறது. வேலை விளம்பரங்களில் எர்கோனோமிஸ்ட் என்ற பெயரை மட்டும் தேடினால் அதிகம் அகப்படாது. பாதுகாப்பு, சுகாதார அதிகாரி என்ற தலைப்பிலும் பாருங்கள்.