குடித்துவிட்டு ஓட்டுபவனைத் திட்டிய விளம்பரம்

"குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர்கள்" என்பது எல்லோருக்கும் தெரிந்த அறிவுரைதான். ஆனாலும் ரெண்டு ரவுண்டு போட்டவரிடம் போய்ச் சொன்னால், "எனக்கு ஒண்ணும் ஆகாது, நான் ஸ்டெடி" என்பார்! அப்படியென்றால் இந்தப் பிரச்சாரங்களால் ஏதாவது பயன் உண்டா?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தைப் பார்ப்போம். 1989-ல் மட்டும் அங்கே சாலை விபத்துகளில் 770 பேருக்கு மேல் இறந்தார்கள். விபத்தில் அடிபட்டவர்களுக்கு வைத்தியச் செலவும் இழப்பீடும் தருவது டி.ஏ.சி. என்ற அரசு நிறுவனம். விபத்து குறைந்தால் அதற்குச் செலவும் குறையும். அதனால் அந்த ஆண்டு டிசம்பரில் அதுவே டிவி விளம்பரத்தில் இறங்கியது.

ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவு. குடித்துவிட்டு ஓட்டிய இளைஞன் நிற்கிறான். அடிபட்டுக் கிடப்பது அவனுடைய காதலி. அவளைப் பெற்றவர்கள் பதறிக்கொண்டு வருகிறார்கள்... கடைசியில் ஒரே வாசகம்: "குடித்துவிட்டு வண்டி ஓட்டினால், நீ ஒரு கேடுகெட்ட முட்டாள்."

கவனித்தீர்களா? "நீ செத்துப் போவாய்" என்று அது பயமுறுத்தவில்லை. இருபது வயதுக்காரனுக்குச் சாவு என்பது யாருக்கோ நடப்பது. ஆனால் அந்தப் பெண்ணின் அம்மா முகத்தை எப்படிப் பார்ப்பது? அந்தக் கேள்வி அவனைச் சுடும்.

விளம்பரம் மட்டும் போதாது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சந்தேகமே இல்லாவிட்டாலும் எந்த வண்டியையும் நிறுத்தி ஊதச் சொல்லும் முறை அங்கே 1976-லேயே வந்துவிட்டது. 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் என்பது பொதுவான எல்லை. விளம்பரம் ஓடிய காலத்தில், "பூஸ் பஸ்" என்று மக்கள் பெயர் வைத்த பெரிய சோதனை வண்டிகளைப் போலீஸ் அதிகமாக ரோட்டில் இறக்கியது. வீட்டில் டிவியில் பார்த்ததை மறந்தாலும், வழியில் அந்த பஸ் நிற்கும்.

1990-ல் சாவு எண்ணிக்கை 550-க்கும் கீழே இறங்கியது. ஒரே வருடத்தில்! இதில் எல்லாப் பெருமையும் விளம்பரத்துக்குச் சேராது. வேகத்தைப் பிடிக்கும் கேமராக்கள் பெருகியதும் அப்போதுதான். பொருளாதாரமும் மந்தமாக இருந்ததால் ஓட்டமே குறைவு. எதற்கு எவ்வளவு பங்கு என்று ஆராய்ச்சியாளர்கள் பின்னால் வாதாடினார்கள்.

ஒன்று மட்டும் நிச்சயம். மாட்டிக்கொள்வோம் என்ற பயம் இல்லாத இடத்தில், எவ்வளவு உருக்கமான விளம்பரமும் வெறும் சுவரொட்டிதான். பயம் மட்டும் இருந்தால், போலீஸ் நிற்காத சந்தாகப் பார்த்துப் போவார்கள். "முட்டாள்தனம் பண்ணாதே, சாவியைக் கொடு" என்று பக்கத்தில் இருக்கும் நண்பனைக் கூச்சமில்லாமல் சொல்ல வைப்பதுதான் நல்ல பிரச்சாரம். எல்லாச் சந்திலும் போலீஸ் நிற்க முடியாது, நண்பன் நிற்கலாம் இல்லையா?